பவித்ரன் பாட்டுக்கு உறுமி

தாளம் நிற்காத பாட்டுக்கு மேளம் சேர்க்கச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பவித்ரன் கைப்பேசியில் பாடிப் பதிந்து எடுத்துவந்த முருகன் பாட்டும் அந்த ரகம்தான். ஒரு வரி ஓடும், அடுத்த வரி இழுக்கும்.

"என்னாடா பாட்டு இது? இதுக்கு மேல நான் எப்படி உறுமி வைக்கிறது லா?" என்று கத்தினேன். புந்தோங்கில் என் வீட்டுப் பின்னறைதான் ஸ்டூடியோ. கத்தினால் தெருவுக்கே கேட்கும்.

கூட வந்திருந்த அவன் அக்கா தினேஸ்வரிதான் விவரம் சொன்னாள். கமுந்திங்கில் வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, அவன் இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். பிழைத்தால் அவனே காவடி எடுப்பான் என்று அம்மா வேண்டிக்கொண்டாராம். தைப்பூசம் நெருங்கிவிட்டது. கூட்டாளிகளின் உறுமி மேளத்தோடு நடந்து பார்த்திருக்கிறான், அவர்கள் வேகத்துக்குக் கால் வரவில்லை.

"சொந்தப் பாட்டுக்கு மேளம் வச்சா நடந்துருவேன்னு அடம் புடிக்கிறான் அண்ணே. நடக்கலன்னா அர்ச்சுனன் மாமாதான் காவடியத் தூக்கணும்."

பாட்டை வெட்டி, இழுத்து, எல்லா வரியையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தேன். அதன்மேல் உறுமியை வைத்தேன். கேட்க அம்சமாக இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காவடியோடு வந்தார்கள். சின்ன ஸ்பீக்கரை அதில் மாட்டிப் பாட்டைப் போட்டேன். காவடியைத் தூக்கியவன் என் வாசலைக்கூடத் தாண்டவில்லை, தடுமாறிவிட்டான். தினேஸ்வரி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"போதும் தம்பி. மாமாவே தூக்கட்டும்."

அவன் முகம் செத்துப்போனது. "அண்ணே, பாடும்போது நல்லாதானே நடந்தேன். இதுல கால் வர மாட்டேங்குது."

"நடந்தியா?"

"நடந்துகிட்டேதான் பாடினேன், பழைய எஸ்டேட் ரோட்டுல. காவடிப் பாட்ட உக்காந்துகிட்டா பாடுவாங்க?"

அட மடையா என்று என்னைத்தான் திட்டிக்கொண்டேன். உறுமிக் குழுக்களுக்கு எத்தனை பாட்டுப் பதிந்திருக்கிறேன், இது தோன்றவில்லையே! இருவரையும் உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, பழைய பதிவைத் திறந்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், பாட்டுக்கு அடியில் செருப்புச் சத்தம். ஒன்று பலமாக, ஒன்று இழுத்து. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் அடியாக, உறுமியைக் கையாலேயே வைத்துக்கொண்டு போனேன். மேட்டில் அவன் மூச்சு வாங்கிய இடத்தில் உறுமியையும் காத்திருக்க வைத்தேன். மத்தியானச் சோற்று நேரம் தாண்டிப்போனது.

மறுபடி காவடியைத் தூக்கினான். கால் நொண்டத்தான் செய்தது. ஆனால் நொண்டும் இடத்திலெல்லாம் அடி விழுந்ததில், பார்க்கக் காவடியாட்டமாகவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெருமுனையில் திரும்பியவன் நிற்கவே இல்லை.

"டேய், போதும், வாடா!" என்று கத்தினேன். எங்கே கேட்டான்?

பின்னால் ஓடப்போன தினேஸ்வரி பாதியில் நின்று, கைப்பேசியை எடுத்தாள்.

"மாமா, நீங்க தூக்க வேணாம்." குரல் உடைந்துவிட்டது. "தம்பியே தூக்குறான். நீங்க கூட நடந்து வாங்க, மெதுவா."