அமைப்பு கொன்றது

ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு மெங் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் சோரியா கதவைப் பாதிதான் திறந்தாள். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி லட்சக்கணக்கானோரைக் கொன்ற காலத்தில் பாத்தம்பாங் பக்கத்துக் கூட்டுப்பண்ணைக்குத் தலைவராக இருந்தவர் அவர். அந்தப் படுகொலைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவளுக்கு இந்த ஆள் எதற்குப் பழம் கொண்டுவர வேண்டும்? எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது?

"நம்ம மரத்துப் பழம், சாப்பிடும்மா. உன் புத்தகத்த ரெண்டு தடவ படிச்சேன்."

வழக்குப் போடப் போகிறாரோ? ஆனால் புத்தகத்தில் அவர் பெயரே கிடையாதே! புத்தகத்துக்காகப் பேட்டி எடுத்தபோது, தன் புருஷனை அடித்துக் கொன்ற மண்வெட்டி மெங் கையில்தான் இருந்தது என்று அதே ஊர் ஃபல்லா அம்மாள் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். இனப்படுகொலையில் தனியாள் முக்கியமில்லை, அமைப்புதான் முக்கியம் என்ற கோட்பாட்டை நம்பிய சோரியா, மெங்கின் பெயரை நீக்கிவிட்டு 'அமைப்பு கொன்றது' என்று எழுதியிருந்தாள்.

"அந்த ஒரு வரி போதும்மா!" மெங் சிரித்தார். "ஊர்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டேன்."

"ஃபல்லா அம்மாவுக்குமா?"

"அவ வீட்டு வாசல்லதான் மொதல்ல வாசிச்சேன். இத்தன வருஷமா என்னப் பாத்தாலே காறித் துப்புவா. இப்பத் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறா."