பயிற்சி ஆட்டத்தில் சுளித்த முகங்கள்

புதுத் துறைமுகம் திறந்த வருஷம், சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், முத்துமாலை மில் கூடைப்பந்து அணியின் பயிற்சி ஆட்டத்தைப் பார்க்கப் போன தூத்துக்குடிக்காரர் அத்தனை பேருக்கும் சுளித்த முகம் சுளித்தபடியே நின்றுவிட்டது. மூக்கு மேலே ஏறி, இடது பக்கத்து உதடு தூக்கிக்கொண்டு, கண் பாதி இடுங்கி, வெறுங்காலால் அழுகின மீனை மிதித்தவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மில் அதிகாரிகள், தரையில் உட்கார்ந்திருந்த உப்பளத்துக்காரர்கள், காம்பவுண்டுச் சுவரில் தொற்றிக்கொண்டு ஓசியில் பார்த்தவர்கள் என்று எந்த வித்தியாசமும் இல்லை. ரெஃப்ரிக்கும் அதே கதி. அதற்குப் பிறகு அவர் விசிலை வாயின் வலது ஓரத்தில் வைத்துத்தான் ஊத வேண்டியிருந்தது. ஆடினவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்குத்தான் தங்கள் ஆட்டத்தைப் பார்த்து அருவருப்பே வரவில்லையே, எப்படி ஆகும்?

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவே நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்லாமல் தீராது. முத்துமாலை மில்லில் அந்த அணிக்காரர்கள் பேருக்குத்தான் தொழிலாளிகள். காலையில் வந்து கையெழுத்துப் போடுவார்கள், அதற்குப் பிறகு நூல் இருக்கும் திசைக்கே போக மாட்டார்கள். பந்து ஆடுவதற்கே சம்பளம், ஆடுவதற்கே பாலும் முட்டையும், ஆடுவதற்கே மெட்ராஸிலிருந்து வரவழைத்த வெள்ளைக் கான்வாஸ் ஷூ. ஊருக்கு அதில் பொறாமை கிடையாது. வைகாசி டோர்னமென்டில் வெளியூர்க்காரனை மண்ணைக் கவ்வ வைப்பார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஊர் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அணியின் கேப்டன், மணப்பாட்டுக்காரன் செபாஸ்டின், கிருதா வளர்த்தால் மறுவாரம் கடற்கரைத் தெரு முழுக்கக் கிருதா வளரும். டோர்னமென்டுக்கு முன்னால் ஒரு பயிற்சி ஆட்டம் வைப்பது வழக்கம். இந்த வருஷம் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள், யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது, யாருக்குக் குறி தப்புகிறது என்று பார்த்துவிட்டு வந்து டீக்கடைகளில் ஒரு வாரம் அலசுவதற்காகவே ஊர் திரண்டு போகும். அன்றைக்கு எதிரே ஆட வந்தவர்கள் தருவைகுளத்து வாலிபர்கள். காலையில் கரையேறி, வலையைக் காயப்போட்டுவிட்டு, வெறுங்காலோடு வந்தவர்கள்.

மில் அணி அரை மணி நேரம் தாமதமாக வந்தது. வந்த லட்சணத்தைக் கேட்க வேண்டுமா? ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டே ஆடினான், மைதானத்திலேயே துப்பினான். நெட்டையன் ஒருவன் ரிங்குக்கு அடியில் கொடிமரம் மாதிரி நின்றான். பந்து கையில் வந்து விழுந்தால் பிடித்தான், இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டான். மற்றவர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஏதோ சினிமாவைப் பற்றிப் பேசினார்கள். தருவைகுளத்துக்காரன் ஒருவன் விழுந்து, முட்டி பெயர்ந்து ரத்தம் வடிய எழுந்திருக்கப் பார்த்தபோது, மில் அணிக்காரன் அவனைத் தாண்டிப் போய்க் கலர் வாங்கிக் குடித்தான். கர்மம்! இதையெல்லாம்கூட ஊர் பொறுத்துக்கொண்டது, கடைசியில் சுதாரித்துவிடுவார்கள் என்று. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது இரண்டு பக்கமும் சமப் புள்ளி. பந்து செபாஸ்டினிடம் வந்தது. அவன் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்றுகூடப் பார்க்காமல், தான் காக்க வேண்டிய ரிங்கிலேயே பந்தைப் போட்டான். போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். அவன் சிரித்தான். "விடுங்கல, பயிற்சி ஆட்டந்தான!" என்றான். அப்போது கூட்டம் மொத்தமும் ஒரே வாயாக "ச்சீ!" என்றது. பழைய துறைமுகத்தில் தோணியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தச் "ச்சீ" சொன்ன முகம் ஒன்றுகூட அதற்குப் பிறகு பழையபடி ஆகவில்லை.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிற்றெரிச்சல் அடங்கினால் முகமும் சரியாகும் என்றிருந்தார்கள். எரிச்சல் அடங்கியது, முகம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டருக்கும் அதே முகம். அவரும் ஆட்டம் பார்க்கப் போயிருந்தவர்தான். புண்ணைக் காட்ட வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை இழுத்து மூடிக்கொண்டு திரும்பினார்கள். மீன் ஏலம் விடும் தேவமணி, அப்போதுதான் கரைக்கு வந்து துடித்துக்கொண்டிருந்த சீலா மீனைத் தூக்கிக் காட்டினால் வியாபாரிகள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். சீலா விலை சாளை விலைக்கு இறங்கியது. படகுக்காரர்கள் கூடிப் பேசி, இனிமேல் அவர் கடலைப் பார்த்து நின்றுதான் ஏலம் கூற வேண்டும் என்று முடிவு செய்தபின் விலை ஏறியது. மக்ரூன் மிட்டாய்க் கடை ஆறுமுகநயினார் பாடு இன்னும் மோசம். "நல்ல சரக்குதாம்ல, எம் மூஞ்சியப் பாக்காத, பொட்டலத்தப் பாரு" என்று ஒவ்வொருவனிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது. பங்குச் சாமியார் மோட்சத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தபோது, முன் வரிசை மொத்தமும் மோட்சம் நாறுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்ததைத் தாங்க முடியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜெபக்கூட்டத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போயிருந்தவர்கள் வசமாக மாட்டினார்கள். அவர்களுக்கு நன்றாக வேண்டும்.

செபாஸ்டினின் மனைவி ஞானதீபமும் அன்றைக்கு ஆட்டம் பார்க்கப் போயிருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். மணப்பாட்டில் மணல் மேட்டுக்குக் கீழே ஈச்சங்கூடையைக் கட்டி அவன் பந்து போட்டுப் பழகின காலத்திலேயே அவன் ஆட்டத்தைப் பார்த்துத்தான் மனசைக் கொடுத்தவள். அவன் தன் ரிங்கில் போட்டுவிட்டுச் சிரித்ததும் அவள் வாயிலிருந்து வந்த "ச்சீ" மற்ற யாருடையதையும்விடக் குறைந்ததில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், அதே முகம். விளக்கேற்றி ஜெபம் சொன்னாள், அதே முகம். செபாஸ்டின் ஒரு வாரம் அவளை ஏறிட்டுப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். கடைசியில் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னும் எத்தன நாளைக்கு ஏளா இப்பிடிப் பாப்ப? வெட்டிப் போட்டுரு, அது தேவல" என்றான். அவள், "எங் கோவம் அன்னைக்கே போயிட்டு மச்சான். மூஞ்சிதான் போவ மாட்டேங்குது" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவனை எச்சில் இலையைப் பார்ப்பது மாதிரிதான் பார்த்தாள். பாவம், அவளால் வேறு என்ன செய்ய முடியும்?

டோர்னமென்டில் ஜெயித்தால் முகங்கள் சரியாகும் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டார்கள், எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வைகாசியில் முத்துமாலை மில் அணி ஆடின ஆட்டம் இருக்கிறதே, அதை முதலிலேயே ஆடித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வெற்றிலைக்காரன் வெற்றிலையை விட்டான். நெட்டையன் வெறி பிடித்தவனாக ஓடினான். செபாஸ்டின் முன்பல் ஒன்றைப் பறிகொடுத்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு ஆடினான். வெளியூர் அணிகள், பார்க்க வந்தவர்களே தங்களை இப்படிக் கேவலமாகப் பார்த்தால் எப்படி ஆடுவது என்று புகார் கொடுத்துவிட்டுத் தோற்றுப் போயின. கோப்பை கிடைத்தது. ஊர் எழுந்து நின்று கைதட்டியது, துண்டை வீசியது, கண்ணில் தண்ணீர் விட்டு அழுதது. முகம் மட்டும் சாக்கடையில் விழுந்ததைப் பார்க்கிற முகம். செபாஸ்டின் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் மனைவியைத் தேடினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டினாள். அதே முகம்தான்.

அன்றிலிருந்து ஞானதீபத்துக்கு ஒரே கவலை, பிள்ளை. கோப்பை வந்தும் மாறாத முகம் இனி மாறப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மருத்துவச்சி இசக்கித்தாய் வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது, அவள் உடைந்துபோய் அழுதாள். "கண்ணு முழிச்சதும் மொதல்ல எம் மூஞ்சியத்தான பாக்கும்? பெத்தவளே நம்மளக் கண்டு அருவருக்கான்னு நெனச்சிட்டா, அந்தப் பிள்ள எப்பிடிம்மா வளரும்?" ஆவணியில் பெண் பிறந்தது, கிருபை என்று பெயர் வைத்தார்கள். ஞானதீபம் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டுதான் பால் கொடுத்தாள். குளிப்பாட்டும்போதும் தொட்டிலில் போடும்போதும் முந்தானை இறங்காது. சிரிக்கிற வேலை முழுக்க செபாஸ்டினுக்கு விடப்பட்டது. மில்லிலிருந்து வந்ததும் தொட்டிலுக்கு மேலே குனிந்து, ஓட்டைப் பல்லைக் காட்டி, தாடை வலிக்கிற மட்டும் சிரிப்பான். கிருபை அவனை ஏதோ சுவரொட்டியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். மாதம் நான்கு ஆகியும் பிள்ளை ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கிலுகிலுவென்று சிரிப்பதைக் கேட்டால் ஞானதீபம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு அவள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். முந்தானை நழுவித் தோளில் விழுந்தது. இரண்டு கையிலும் மிளகாய், இழுத்து மூட வழியில்லை. "பாக்காத தாயி, பாக்காத, அந்தாலத் திரும்பிக்கோ" என்று கதறினாள். கிருபை திரும்பவில்லை. மூடாத தாய் முகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு தன் சின்ன மூக்கை மேலே ஏற்றியது, இடது பக்கத்து உதட்டைத் தூக்கியது, கண்ணை இடுக்கியது, காலை உதைத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சத்தம் போட்டது. ஞானதீபம் கையை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இங்கன ஓடியாங்க!" என்று அலறினாள். செபாஸ்டின் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தான். வந்தவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டு மனசு நிறைந்து வாய் கொள்ளாமல் சிரித்தான். கிருபை அவனைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. அம்மாவைப் பார்த்தது, மறுபடியும் மூக்கைச் சுளித்துக்கொண்டு கையைக் காலை ஆட்டியது. அன்றைக்கு ஞானதீபம் கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை கீழே விடவில்லை.

முகம் சுளித்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் எல்லாமே இப்படித்தான் என்பது பிற்பாடு தெரியவந்தது. எமர்ஜென்சி முடிந்து, சில வருஷத்தில் அவை பள்ளிக்கூடம் போயின. சந்தோஷம் வந்தால் மூக்கைச் சுளித்தன, கோபம் வந்தால் பல்லைக் காட்டின. டீச்சர்மார் ஒரு வருஷம் குழம்பிவிட்டுப் பழகிக்கொண்டார்கள். ஆறுமுகநயினார் கடையில் இப்போது குழந்தைகள் கூட்டம் தாங்கவில்லை. முத்துமாலை மில் அணி பயிற்சி ஆட்டம் வைப்பதையே நிறுத்திவிட்டது. வைத்தாலும் எவன் போவான்? செபாஸ்டினுக்கு மட்டும் ஒரு கஷ்டம் மிச்சம் இருந்தது. எத்தனை மோசமான ஆட்டத்தைப் போய்ப் பார்த்தாலும், அவன் முகம் சுளித்தபடி நிற்க மறுத்துவிட்டது. ஆகவே தினமும் வேலை முடிந்து வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மூக்கை ஏற்றி, உதட்டைத் தூக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைவான். தெருவில் யாரும் அதை வேடிக்கை பார்ப்பதில்லை. சில நாள் களைப்பில் உதடு சரியாகத் தூக்காது. கிருபை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வரமாட்டாள்.

"இன்னும் கொஞ்சம் சுளிங்க மச்சான்" என்பாள் ஞானதீபம் உள்ளேயிருந்து. "நெசம்னு பிள்ள நம்ப வேண்டாமா?"

அவன் இன்னும் கொஞ்சம் சுளிப்பான். பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்.