உரியவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளவும்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்பிலிருந்து வந்தது. கல்முனையில், எங்கள் பகுதிப் பள்ளிவாசலில், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருநாள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: "இடது காலுக்குரிய கறுப்புச் செருப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளவும்." அவ்வளவுதான் உண்மை. மிச்சமெல்லாம் நான் சேர்த்தது. ஒற்றைச் செருப்புக்கு என்ன அடையாளம் சொல்ல முடியும் என்று இரண்டு நாள் யோசித்தேன். கதை எழுதப் பழகும் மாலை வகுப்புக்கு ஒரு கதை கொண்டுபோக வேண்டியும் இருந்தது.

முதல் தொடக்கம்: "தோணா நாறியது." வெட்டிவிட்டேன். எங்கள் ஊர்க்காரருக்கு அது செய்தியல்ல.

இரண்டாவது: "வயல்களில் வடியும் நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் அந்தச் சிற்றாறு ஒரு காலத்தில்" — இதில் கை நின்றுவிட்டது. அந்தக் காலத்தை நான் பார்த்ததில்லை. நான் பிறந்ததிலிருந்து தோணாவில் சொப்பிங் பைதான் மிதக்கிறது.

மூன்றாவது, றுஸ்தா. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

றுஸ்தா தையல்காரி. தோணாக் கரையில் கடைசி வீடு அவளுடையது. வெளிச்சத்துக்காகத் தையல் மெசினை யன்னலோரம் வைத்திருந்தாள். யன்னல் தோணாவைப் பார்த்திருந்தது.

போன மாரியில் குப்பை அடைத்துத் தோணா பெருகி வீட்டுக்குள் வந்தது. மெசினின் மோட்டர் வரை தண்ணீர். ஒரு கல்யாண வீட்டுக்கான துணி முழுவதும் சேறாகிப் போனது. இன்னொரு மாரிக்கு மெசின் தாங்காது. அதனால்தான் "தோணாவைத் துப்புரவாக்குவோம்" என்று வீடு வீடாகப் போனாள். ஒரு சனிக்கிழமை நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள். (பகல் சாப்பாடு உண்டு என்று அறிவித்ததாலும் இருக்கலாம். இந்த வரி ஊரைக் குறைத்துச் சொல்கிறதா? இருக்கட்டும்.) மாலைக்குள் தோணாவில் கிடந்ததெல்லாம் கரைக்கு வந்துவிட்டது. அதாவது, றுஸ்தாவின் வாசலுக்கு.

3

ஞாயிறு காலை குவியலை ஏற்றிப்போக றெனோல்ட் பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தோடு வந்தான். பெட்டிக் கதவைத் திறக்கும்போது பள்ளிவாசல் செயலாளர் மீராமுகைதீன் குறுக்கே வந்து நின்றார்.

"தம்பி, இஞ்சின நிப்பாட்டுங்க. இதெல்லாம் அடுத்தவண்ட சாமான்."

"காக்கா, இது குப்பை."

"ஆருட குப்பை?"

றெனோல்ட் தலையைச் சொறிந்தான். "அது தெரியாதே."

"அதத்தான் சொல்லுறன். ஆருட எண்டு தெரியாத சாமான நாம கொண்டு போகேலுமா? நாளைக்கு மறுமையில ஒருத்தன் வந்து, என்ட கதிரை எங்க எண்டு கேட்டா?"

"நான் மெதடிஸ்ற் சேர்ச் ஆள் காக்கா. என்னட்டக் கேக்க மாட்டாங்க."

"ஒங்கட பெட்டியில ஏத்தினா ஒங்களிட்டயும் கேப்பாங்க."

மீராமுகைதீன் முன்பொருமுறை கண்டெடுத்த பொருள் பற்றிய பயான் ஒன்றை, பள்ளிவாசல் சொற்பொழிவை, பாதி கேட்டிருந்தார். மற்றப் பாதியில் கண்ணயர்ந்துவிட்டார். விழித்திருந்த பாதியில் சொன்னது இது: கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவிக்க வேண்டும், அடையாளம் சொல்பவருக்குக் கொடுக்க வேண்டும். வேண்டாமென்று எறிந்தது தொலைந்த பொருளாகாது என்பது தூங்கிய பாதியில் வந்திருக்கலாம். திருத்தக்கூடிய மௌலவி மக்காவுக்கு உம்றாச் செய்யப் போயிருந்தார்.

[குறிப்பு: மௌலவிக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே என்பீர்கள். முதற்படியில் எடுத்தார்கள். கதை நாலு வரியில் முடிந்தது. ஆகவே மௌலவியின் போனை விமானத்தில் மறக்கச் செய்தேன். அவர் என்னை மன்னிக்க வேண்டும்.]

4

பட்டியல் தயாரானது. மொத்தம் இருநூற்றுப் பதினேழு பொருட்கள். அஸருக்குப் பிறகு ஒலிபெருக்கியில் நாளொன்றுக்கு ஆறு.

"சிவப்பு நிறப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று, மூன்று காலுடன். மெத்தை ஒன்று. பிறிஜ் ஒன்றின் கதவு, பிறிஜ் இல்லை. கட்டப்பட்ட சொப்பிங் பை ஒன்று. பிறர் பை என்பதால் திறக்கப்படவில்லை."

ஒருவரும் வரவில்லை. கதிரை என்னுடையது என்றால், எறிந்தவன் நான் என்றாகிவிடும். ஊரே கூடித் துப்புரவு செய்தது. ஊரில் ஒருவரும் எறிந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு மீராமுகைதீன் மேல் சந்தேகம் வந்தது. வகுப்பில் கூடப் படிக்கும் ஆதிலா கேட்டாள், "இந்த மனிசன் சிரிக்க மட்டுமா வாறாரு?" வீட்டுக்கு வந்து ஒரு வரி சேர்த்தேன்: வானம் கறுத்த அன்று அவர் தனியாக வந்து, ஊராருடைய சாமான் நனையக்கூடாதென்று குவியலைப் பொலித்தீனால் மூடி, நாலு மூலையிலும் கல் வைத்தார். எழுதி முடித்தபின் அவரைக் கோபிக்க முடியவில்லை. கதைக்கு இது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

5

குவியல் றுஸ்தாவின் வாசல் வடிகாலை முழுதாக அடைத்திருந்தது. மழை வந்தால் பாதி தோணாவுக்குத் திரும்பும். மீதி அவள் வீட்டுக்குள் வரும்.

"ஒரு வருசம் பாத்திட்டு இரிக்கேலா காக்கா. மாரி துவங்கப் போகுது."

"உரியவர் வந்தா இண்டைக்கே கொடுப்பன், புள்ள."

"சரி. எல்லாம் என்ட."

"இருநூத்திப் பதினேழுமா?"

"ஓம்."

மீராமுகைதீன் பட்டியலை விரித்தார். "அடையாளம் சொல்லுங்க. மெத்தை."

"பச்சைப் பூப் போட்டது. கால்மாட்டுல நுளம்புச் சுருள் விழுந்து தீஞ்ச ஓட்டை."

அவர் பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. கதிரை? முதுகில் வெள்ளைப் பெயின்ற் சொட்டியது. சரி. யன்னலோரம் தைத்தபடியே ஆறு வருடங்களாக ஒவ்வொரு விடியலிலும் அவள் எறிபவர்களையும் எறிந்ததையும் பார்த்திருந்தாள்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மாவின் குரல் வந்தது. "என்னகா றுஸ்தா கதைக்கிறீங்க? மெத்தை எண்டு கேட்டிச்சி."

"ஒண்டுமில்ல மாமி."

"ஒண்டுமில்லாட்டி ஏன் பச்சைப் பூ எண்டீங்க?"

ஆயிஷா உம்மாவின் மகளுடைய கல்யாண உடுப்பு அப்போது றுஸ்தாவின் மெசினில்தான் பாதி தைத்தபடி கிடந்தது.

பதினாலாம் இலக்கத்தில் மீராமுகைதீன் எழுதுவதை நிறுத்தினார். "புள்ள, இந்தப் பிறிஜ் கதவு என்ட மருமகண்ட."

றுஸ்தா ஒப்பமிடப் பேனைக்குக் கை நீட்டினாள்.

"பொய்யா ஒப்பம் வெச்சிப் பாவத்தத் தேடாதீங்க. ஆர் எறிஞ்ச எண்டு ஒங்களுக்குத் தெரியும். பேரச் சொல்லுங்க, அஸருக்குப் புறகு வாசிக்கிறன். மருமகண்ட பேரையும் வாசிப்பன்."

6

முடிவுகள்.

அ. றுஸ்தா பெயர்களைச் சொல்கிறாள். ஒலிபெருக்கி அரை மணி நேரம் வாசிக்கிறது. இருட்டுமுன் வாசல் வெறுமையாகிறது. ஆயிஷா உம்மா தைத்தது பாதி, தைக்காதது பாதியாகத் துணியை வாங்கிக்கொண்டு போகிறார். மற்றவர்களும் அப்படியே. மாரி முழுவதும் மெசின் ஈரமில்லாமல், வேலையில்லாமல் இருக்கிறது.

ஆ. எல்லாம் தன்னுடையது என்று ஒப்பமிடுகிறாள். றெனோல்ட் ஏற்றிப்போகிறான். அடுத்த விடியலில் ஒருவர் சொப்பிங் பையோடு வந்து மரியாதையாகக் கதவைத் தட்டுகிறார்: "ஒங்கட சாமான் புள்ள. தோணாவுல போடாமக் கையில தந்திட்டுப் போவம் எண்டு வந்தன்."

இ. ஆதிலா சொன்னது: மௌலவி திரும்பி வந்து ஒரு வார்த்தையில் தீர்த்துவைக்கலாம். கொழும்பு வரை அவரைக் கொண்டுவந்தும் பார்த்தேன். பஸ் வந்துசேர விடிந்துவிடும். றுஸ்தாவுக்கு மழைக்கு முன், இன்றே வேண்டும்.

ஈ. மீராமுகைதீன் தானே

(இதை முடிக்கவில்லை. அவர் செய்யமாட்டார்.)

7

ஆக, றுஸ்தாவின் கையில் பேனை. மீராமுகைதீன் காத்திருக்கிறார். றெனோல்ட் இஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கி வருகிறான்.

"அக்கா, என்ட பேரயாவது போடுங்க."

"அடையாளம் சொல்லுவீங்களா தம்பி?" என்கிறார் மீராமுகைதீன். றெனோல்ட் திரும்பிப் போய் ஏறிக்கொள்கிறான்.

இருநூற்றுப் பதினேழில் ஒன்றை மட்டும் றுஸ்தா பார்க்கவில்லை. நூற்று எழுபத்து மூன்று: இரட்டை முடிச்சுப் போட்ட கறுப்புப் பை. அவள் துணி வாங்க அக்கரைப்பற்றுக்குப் போயிருந்த நாளில் விழுந்தது. அதற்கெதிரே எந்தப் பெயரும் சொல்ல அவளால் முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, நான் எழுதவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால் வாருங்கள். உரக்கச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் வந்து ஒரு பையை வாங்கிப் போவதைப் பார்த்தால், ஆயிஷா உம்மா மெத்தைக்கு வரக்கூடும். மருமகன் கதவுக்கு வரக்கூடும். வராமலும் போகலாம், இதில் நான் உறுதி தரமுடியாது.

மழையை இன்னும் எழுதவில்லை. அஸர் வரை எழுதாமல் வைத்திருக்கிறேன்.