பச்சை விழுவதற்குள் ஒரு வரி

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்தது. எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், நான் சுவரை நெருங்கும்போதெல்லாம் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பார். பிறகு கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கதை முழுசாக வந்துவிட்டது. ரிவர்ஸ்தான் இன்னும் வரவில்லை.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் எனக்குத் தகராறு.

‘மனித வாழ்க்கை என்பதே ஒரு நெடும்பயணம், அதில் நாம் அனைவரும்—’

(வேண்டாம். படிப்பவர் இங்கேயே இறங்கிவிடுவார்.)

‘பனி விலகாத அந்தக் காலையில், வெள்ளைக் கார் ஒன்று—’

(பனி இல்லை. கார் வெள்ளையும் இல்லை, மங்கிப்போன மஞ்சள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். மாஸ்டரிடம் ஒரு திரைக்கதை இருந்தது. தலையணை கனத்துக்கு இருந்தது. அதை ஒரே வரியில் சொல்ல அவருக்கு வரவில்லை.

2

வகுப்புக்கு வந்த ஒரு பெண், பாதி வகுப்பில் வண்டியை ஓரங்கட்டிப் போனில் பேசினார். “அந்தக் கதை வேணாம் சார். நாப்பது பக்கம் படிச்சேன், யாரு கதைன்னே பிடிபடல” என்றார். மாஸ்டருக்குக் காது நீண்டுவிட்டது. விசாரித்ததில், படக் கம்பெனிக்கு வரும் கதைகளைப் படித்து, தேறும் தேறாது என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம்.

(இவ்வளவு வசதியாக ஒருத்தி வந்து உட்காருவாளா என்று எனக்கும் சந்தேகம்தான். அவரை வங்கி அதிகாரியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை கிளம்பவே இல்லை. ஆகவே உண்மையை உண்மையாகவே விட்டுவிட்டேன்.)

“மேடம், என்கிட்ட ஒரு கதை இருக்கு” என்றார் மாஸ்டர்.

அந்த அம்மாள் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “எனக்கு ஓட்டிக்கிட்டே கேக்க வராது மாஸ்டர். சிவப்பு விழுந்தா சொல்லுங்க. பச்சை விழறதுக்குள்ள முடிச்சிடணும்.”

3

முதல் சிக்னலில் மாஸ்டர், “ஒரு ஆறு மேடம். அந்த ஆத்துக்கு ரெண்டு கரை. இந்தக் கரையில ஒரு குடும்பம்” என்று தொடங்கினார். அந்தக் கரைக்குப் போவதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

அடுத்ததில் வேகமாகச் சொன்னார். அண்ணன், தம்பி, தம்பி பொண்டாட்டி, அவளுடைய அத்தை மகன், பழைய பகை ஒன்று, காணாமல் போன படகு ஒன்று. மூச்சுத்தான் வாங்கியது.

“இத்தனை பேர ஏத்தினா வண்டி இழுக்குமா மாஸ்டர்?” என்றார் மேடம்.

வீட்டில் யோசித்து வைத்திருந்த வாசகத்தை மறுநாள் எடுத்துவிட்டார். “உறவுகளின் உன்னதத்தைச் சொல்லும் உணர்ச்சிக் காவியம்.”

“இது போஸ்டர்ல போடுறது. கதை எங்க?”

பிறகு மேடம் பொறுமையாகவே விளக்கினார். சினிமாக்காரர்கள் இதை ஒன்லைன் என்பார்கள். கதையில் இருப்பவன் யார், அவனுக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பான். முடிவை மட்டும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான். “பேரச் சொல்லாதீங்க. பேரு எனக்கு என்னத்தச் சொல்லும்? ஆள் என்ன செய்யிறவன்னு சொல்லுங்க, போதும்.”

(இந்தக் கதையில் ஒருவருக்கும் பெயர் இல்லாததற்கு அந்த அம்மாள்தான் காரணம். என்னைக் கோபிக்க வேண்டாம்.)

4

மாஸ்டரின் மனைவி பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவர். துணி மடித்துக்கொண்டே புலம்பலை எல்லாம் கேட்டார்.

“எங்ககிட்ட வர்றவங்க யாரும் ‘நான் பொறந்தப்ப’ன்னு ஆரம்பிக்கிறதில்லங்க. கன்னத்துல கைய வச்சு, இங்க வலிக்குதும்பாங்க. உங்க கதையில எங்க வலிக்குது?”

மாஸ்டர் துணிக் குவியலிலிருந்து ஒரு போர்வையை இழுத்தார்.

“அந்த அண்ணன், படகோட்டி, அவனுக்கு நீச்சல் தெரியாதுல்ல? அத ஏன் சொல்லல?”

“அது இடைவேளைக்கு அப்புறம் வருது. சஸ்பென்ஸ்.”

“அதுவரைக்கும் யாரு உக்காந்திருப்பா?”

மாஸ்டர் கையில் இருந்த போர்வையை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஆறு வருஷமாக அண்ணன் தம்பிப் பகையைத்தான் தன் கதை என்று நினைத்திருந்தார். நீச்சல் தெரியாததைச் சிரிப்புக்காகச் சேர்த்திருந்தார். அங்கேதான் வலிக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

வரி கிடைத்துவிட்டது. ஆனால் மேடத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வகுப்புதான். அதற்கடுத்த நாள் லைசென்ஸ் தேர்வு.

இங்கே மாஸ்டர் மனசில் ஒரு சைத்தான் ஏறி உட்கார்ந்தது. மேடத்துக்கு மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்க வராது, பின்னால் உருளும். போன தேர்விலும் அதில்தான் கோட்டை விட்டார். அதை அப்படியே விட்டுவிட்டால் தேர்வு ஊத்திக்கொள்ளும். இன்னொரு மாதம் வகுப்பு. எத்தனை சிக்னல், எத்தனை கதை.

(நானும் இந்தக் கதைக்கு ஒரு ஒன்லைன் எழுதிப் பார்த்தேன். ‘கதை சொல்லத் தெரியாத டிரைவிங் மாஸ்டர், தன் கதையைக் கேட்கச் சம்மதித்த ஒரே ஆளைத் தேர்வில் ஜெயிக்க வைத்து, தானே இழக்க வேண்டும்.’ பரவாயில்லை போலத்தான் இருக்கிறது. இதற்கு முன் எழுதிய ‘ஒரு மஞ்சள் காரும் சில கனவுகளும்’ குப்பைக்குப் போய்விட்டது.)

5

கடைசி வகுப்பில் மாஸ்டர் வண்டியை ரயில்வே மேம்பாலத்துக்கு விடச் சொன்னார். அந்த வழியில் சிக்னலே கிடையாது.

“கிளட்ச்ச மெதுவா விடுங்க. வண்டி லேசா நடுங்குதா? அந்த நடுக்கம் வந்தப்புறம் ஹேண்ட்பிரேக்க இறக்குங்க. அவசரமே இல்ல. பின்னாடி நிக்கிறவன் கத்தினா கத்தட்டும்.”

மேட்டில் ஏறினார்கள், நின்றார்கள், எடுத்தார்கள். திரும்பி வந்து மறுபடி. வெயில் சாயும் நேரத்துக்கு வண்டி ஒரு இம்மிகூடப் பின்வாங்காமல் ஏறியது. மேடம் சிரித்த சிரிப்பில் மாஸ்டருக்குக் கதை ஞாபகமே வரவில்லை. வீட்டுக்குப் போனபிறகு வந்தது. சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேடம் தேறிவிட்டார். போனில் சொன்னார். “ரொம்ப நன்றி மாஸ்டர்” என்றார். கதையைப் பற்றி இருவருமே பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று மாஸ்டரின் மனைவி இரண்டு நாள் திட்டினார்.

6

(‘பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை’ என்று இங்கே முடித்திருந்தேன். சோகமாக, அழகாக இருந்தது. ஆனால் நடந்தது அப்படியில்லை.)

சில வாரம் கழித்து, புதிதாகச் சேர்ந்த தையல்காரரை ஓட்டவிட்டு மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிவப்பு விழுந்தது. பக்கத்து வரிசையில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

“மாஸ்டர், சொல்லுங்க” என்றார் மேடம்.

மாஸ்டர் தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார். பிறகு தன்னை அறியாமல் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

“நீச்சல் தெரியாதத ஊருக்கே மறைச்சு வச்ச ஒரு படகோட்டி, வெள்ளத்துல மாட்டிக்கிட்ட, தன்னோட பேச்சுவார்த்தையே இல்லாத தம்பிய, அணை திறக்கறதுக்குள்ள தனியாப் போய்க் கூட்டிட்டு வரணும்.”

பச்சை விழுந்தது.

தையல்காரர் பதறிப்போய் வண்டியை அணைத்துவிட்டார். மேடத்தின் வண்டி நகரவில்லை. அவர் கால் பிரேக்கிலேயே இருந்தது. பின்னால் ஹாரன் கிளம்பியது.

“அப்புறம்?” என்றார் மேடம்.

ஆறு வருஷத்தில் மாஸ்டரின் கதையைப் பார்த்து ஒருவர் அந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

7

கம்பெனி கதையை வாங்கியதா? வாங்கியதாக ஒரு முடிவு எழுதினேன். மாஸ்டருக்கு மாலை போட்டேன். உதவாது. வாங்கவில்லை என்று இன்னொன்று எழுதினேன். ‘அவர் வழக்கம்போல் பிரேக்கில் கால் வைத்து—’ அதையும் அடித்துவிட்டேன். நடந்தது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்லைனில் முடிவைச் சொல்லக் கூடாது என்பது மேடம் போட்ட சட்டம்.

அந்தச் சிக்னலில் இரண்டு கார்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு நேர் பின்னால் இருக்கும் வண்டியில் நீங்கள். ஹாரன் அடிப்பதா, கண்ணாடியை இறக்கிக் காது கொடுப்பதா, அது உங்கள் இஷ்டம்.