கூத்தம்பாறையின் நீலக்கோடு

கூத்தம்பாறையில் நீலக்கோட்டுக்குக் கீழே உள்ளதெல்லாம் தண்ணீர். மூன்று வருடமாக அப்படித்தான்.

அணை உடைந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டு, வீட்டுக்கு வீடு சுவரில் நீலப் பெயிண்டால் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். ஊர் அதை மதித்தது. அன்னமயிலின் தெருவில் கோடு அவள் தாடைக்கு வந்தது. அவள் புருஷன் சின்னமாயனுக்கு உச்சந்தலையைத் தாண்டிப் போய்விட்டது. ஆள் நல்ல குட்டை. கல்யாணத்தன்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவள் அதையெல்லாம் சட்டை செய்ததில்லை.

கோட்டுக்குக் கீழே பேசுவது மேலே கேட்காது. தண்ணீருக்குள் பேசினால் எப்படிக் கேட்கும்? குமிழி வரும், அவ்வளவுதான். குட்டையானவர்கள் கட்டில்மேல் ஏறிப் பார்த்தார்கள். கட்டில் மிதந்து பக்கத்து வீட்டுக்குப் போனது. எழுதிக் காட்டலாமென்றால் மை கரைந்தது. மாதம் ஒருமுறை ஒத்திகைச் சங்கு ஊதும். அதுவும் கீழே எட்டாது என்பதால், வீட்டிலிருக்கும் நெட்டை ஆள்தான் மற்றவர்களைக் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துப் போகவேண்டும். மேட்டில் தலை எண்ணி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. எண்ணி முடிந்தபின் யாரும் அங்கே நிற்கக் கூடாது.

அன்னமயிலுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். சின்னமாயனுக்கு அணையில் மதகுத் திருகுக்குக் கிரீஸ் போடுகிற வேலை. கோடு போட்ட அன்று அவன் அங்கிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அன்னமயிலு, நம்ம அணையில எடது கரையோரமா..."

அதற்குள் பெயிண்டர் சுவரின் கடைசி மூலைவரை கோட்டை இழுத்து முடித்துவிட்டான். மிச்சமெல்லாம் குமிழி.

அந்த மிச்சத்தை நினைத்து மூன்று வருடமாக அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். விரிசலா? பாம்பா? எவளாவது ஒருத்தியா? போய்ப் பார்க்கலாமென்றால் வேலையாட்களைத் தவிர யாரையும் அங்கே விடமாட்டார்கள். திங்கள்கிழமை தவறாமல் மனு கொடுத்தாள். 'கோட்டை ஒரு முழம் இறக்கித் தரவும். என் கணவரின் பேச்சு பாக்கி இருக்கிறது.'

கடைசியில் எழிலரசி என்ற இன்ஜினியர் வந்தாள். ஜீப்பின் கூரைமேல் நின்று, நாடாவை நீட்டி அளந்து, கணக்குப் போட்டாள்.

"மறு கணக்குல ரெண்டடி ஏறுதும்மா. மழை இப்பல்லாம் முன்ன மாதிரி இல்ல."

"எறக்கத்தானே மேடம் எழுதிக் குடுத்தேன்! நானும் முங்கிட்டா எங்க வீட்ல சங்கு யாருக்குக் கேக்கும்?"

"அத தனி மனுவா எழுதிக் குடுங்க."

அன்னமயிலுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டின. இனி அவனிடமிருந்து வார்த்தை வராது, சங்கும் வராது. பெயிண்டர் ஏணியில் நின்றபடி புதுக்கோட்டை இழுத்துக்கொண்டே போனான். பிரஷ் மூலையைத் தொடுமுன் அவள் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். அப்புறம் முங்கினாள்.

கீழே சந்தைக்கடை இரைச்சல். தெருவே பேசிக்கொண்டிருந்தது. சின்னமாயன் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

"...வெத்தலைக்குச் சுண்ணாம்பக் கொறைன்னு நூறு தடவ சொல்லிட்டேன், காதுல வாங்குறாளா?" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று வருடமாக நிறுத்தவே இல்லை போலிருக்கிறது.

"எடது கரையில என்னங்க?" என்றாள்.

"அன்னிக்கே சொன்னேனே. கசியுது. கீழ இருக்கிறவங்கதான் மொறை வச்சு முதுகு குடுத்துக்கிட்டு நிக்கிறோம். வீட்டுக்கு ரெண்டாளு. நான் ஒத்தையில போய்க்கிட்டிருக்கேன்."

"என்னைய ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிடாம ஒரு நாளும் போனதில்லயே. இன்னிக்கும் நம்ம மொறைதான். வர்றியா?"

அவள் புளிச்சோற்றைத் தூக்குவாளியில் அள்ளிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். தண்ணீருக்கடியில் போகிறவர்களை யார் தடுக்கப் போகிறார்கள்?

இடது கரையில் நாற்பது பேர் சுவருக்கு முதுகு கொடுத்து வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். சின்னமாயன் தன் இடத்தில் நின்றான். அவன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அன்னமயில் அதில் போய் நின்று முதுகைக் கொடுத்தாள். சுவர் இளஞ்சூடாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் நின்ற டெய்லர் ஒச்சப்பன் அவள் தோளைத் தொட்டான்.

"மதினி, ஒரு அடி முன்னால வந்துக்கிருங்க. அதுக்கு ஒரே பக்கமாப் படுத்து மரத்துப்போச்சாம்."

எல்லோரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். அணை திரும்பிப் படுத்தது.