ஸ்பிரிட்டில் கழுவிய எட்டு பாட்டில்கள்

நான் அளந்த எட்டு இடங்களில் ஐந்தை அறிக்கையிலிருந்து நீக்கப்போவதாக மாமா காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாமா என்றால் என் கணவரின் அப்பா. இந்த ஆய்வுக் கப்பலின் தலைமை விஞ்ஞானியும் அவர்தான். மருமகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அதனால் கப்பலில் நான் தும்மினாலும் குற்றம்.

என் வேலை இதுதான். இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் வெளிச்சம் கிடையாது, ஆனால் நுண்ணுயிர்கள் உண்டு, அவையும் சுவாசிக்கின்றன. அந்தத் தண்ணீரை எடுத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் கண்ணாடி பாட்டில்களில் அடைப்பேன். பாதி பாட்டில்களில் ஆக்சிஜனை உடனே அளப்பேன். மீதியை இருட்டான குளிர் அறையில் எட்டு நாள் வைத்து அளப்பேன். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவும் அவை சுவாசித்தது. அவை நாளொன்றுக்கு எவ்வளவு சுவாசிக்கும் என்று மாமா பதினாறு வருடங்களுக்கு முன் கண்டுபிடித்த எண்ணைத்தான் எங்கள் துறையில் இன்றும் எல்லாரும் சொல்கிறார்கள். என் முதல் மூன்று இடங்களில் அதே எண் வந்தது. நான்காவதிலிருந்து அதில் பாதிதான் வந்தது.

“கை தளர்ந்துபோச்சும்மா உனக்கு. அந்த அஞ்சையும் எடுத்துடு” என்றார்.

அந்த ஐந்தும் போனால் என் நான்கு வருட ஆராய்ச்சி அதோகதிதான். கையாம், தளர்ச்சியாம்! விட்டேனா பார் என்று அறைக்குப் போய் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். நான்காம் இடத்துப் பக்கத்தின் ஓரத்தில் நானே கிறுக்கியிருந்தேன்: ஸ்பிரிட் கேன் காலி. கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் பிரஷ் கழுவியே தீர்த்துவிட்டார்கள். அன்று அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்குப் பிறகு பாட்டில்களை, அடைக்கப்போகும் அதே கடல் தண்ணீரில்தான் கழுவினேன்.

பாட்டிலை ஸ்பிரிட்டில் கழுவ வேண்டும் என்பது மாமா போட்ட விதி. ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் துளி ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தான்; அது பட்டினி கிடக்கும் நுண்ணுயிருக்கு விருந்தாயிற்றே! நேராக அவரிடம் போய் நின்றேன்.

“சரக்கு ஊத்திக் குடுத்துட்டு மூச்ச எண்ணியிருக்கோம் மாமா.”

“பதினாறு வருஷமா யாருக்கும் தோணாதது உனக்குத் தோணிடுச்சாக்கும்?”

“எங்க தோணிச்சு? கேன் காலியாச்சு, அவ்ளோதான். நீங்களே கழுவுங்க. எட்டு பாட்டில ஸ்பிரிட்டுல, எட்டக் கடல் தண்ணில. எது எதுன்னு எனக்குச் சொல்ல வேணாம்.”

கரை சேரப் பத்து நாள்தான் இருந்தது. கப்பல் டாக்டரிடம் ஸ்பிரிட் வாங்கி வந்து அவரே கழுவினார், எண் ஒட்டினார், பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் தண்ணீரை அடைத்தேன். இரண்டு வகையிலும் நான்கு நான்காக அவர் எடுத்துக் கொடுக்க, அன்றே அளந்தேன். எட்டும் ஒரே அளவு. ஒன்று முதல் எட்டு வரை எண் ஒட்டிய மீதி எட்டும் குளிர் அறைக்குப் போயின.

என் கணவர் சாட்டிலைட் போனில், “அப்பாவ ஜெயிச்சு என்னம்மா பண்ணப்போற?” என்றார்.

“யாருங்க ஜெயிக்கணும்னா? என் அஞ்சு எடத்த விட மாட்டேன், அவ்ளோதான்.”

எட்டாம் நாள் மதியம் மாமா எதிரே உட்கார்ந்திருக்க, துளித்துளியாக மருந்து விட்டு ஒவ்வொரு பாட்டிலாக அளந்தேன். நான்கில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்திருந்தது. ஒன்று, நான்கு, ஐந்து, ஏழு ஆகிய நான்கில் அதைப் போல இரண்டு மடங்கு குறைந்திருந்தது. எது எதில் கழுவியது என்று அவருடைய தாளுக்குத்தான் தெரியும். அவர் மாற்றிப் படித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அப்போதுதான் அது உறைத்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்ட வினை.

தாளைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு ஆய்வறை முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

“ஒன்னு, ஸ்பிரிட்டு. ரெண்டு, கடல் தண்ணி. மூணு, கடல் தண்ணி. நாலு, ஸ்பிரிட்டு. அஞ்சு, ஸ்பிரிட்டு. ஆறு, கடல் தண்ணி. ஏழு, ஸ்பிரிட்டு. எட்டு, கடல் தண்ணி.”

தாளை என் நோட்டின் மேல் வைத்தார். “உன் அஞ்சு எடமும் இருக்கட்டும். மொத மூணத்தான் எடுக்கணும்.”

இந்த நிமிடத்துக்காக எட்டு நாளாக நாலு வார்த்தை நறுக்கென்று தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் பேர் சொல்ல இருந்த ஒரே எண் அது.

“நான் நாப்பத்திரண்டு எடத்துல அளந்தேன்மா. அத்தனையும் ஸ்பிரிட்டுல கழுவித்தான்.” “ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. எல்லாத்தையும் மறுபடி அளந்துடலாமா?”

“முடியாது மாமா” என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. “பத்து எடம் முடியும்.”

அவர் எழுந்து போய்க் கடல் வரைபடத்தை எடுத்து வந்து மேசையில் விரித்தார்.

“எந்தப் பத்து?” என்றார்.