யோசேப்பு குழியில் கிடந்த வாரம்

என் தங்கச்சி புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்டவர், கோயில் படியை மட்டும் ஏறமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து தங்கச்சி கூப்பிடுகிறாள். ஞாயிறு ஆராதனையில் அவருக்கென்று பிடித்து வைக்கும் இடத்தில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதற்குக் கைகொடுத்துவிட்டுப் போவதுண்டு.

ஒரு நாள் மனுஷன் மசிந்தார். "ஒரே ஒரு புதன்கிழமை உன் வேத வகுப்புக்கு வரேன். பிடிக்கலைன்னா, அப்புறம் சாகுறவரைக்கும் நீ கேக்கவே கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டு, தங்கச்சி நேரே என்னிடம் வந்து அழுதாள். "அண்ணே, போயும் போயும் நம்ம வகுப்புக்கா? ஆபரேட்டர் அக்கா இருக்காங்களே!"

பயம் நியாயமானது. எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம். போதகர் வசனத்தில் பாதியைச் சொல்வார், மீதியை நாங்கள் ஒரே குரலில் முடிப்போம். முடிப்பதில் முதல் ஆள் அந்த அக்கா. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நம்பரைச் சொல்லி முடிக்குமுன்பே இணைப்பைக் கொடுத்த கை. யாராவது தும்மினால், வேதத்தில் தும்மியது யார், எந்த அதிகாரம் என்று சொல்லிவிட்டுத்தான் கைக்குட்டையை நீட்டுவார்.

புதன்கிழமை மாப்பிள்ளை வந்து கடைசி நாற்காலியில், கதவுக்குப் பக்கத்தில், வெளியே ஓட வசதியாக உட்கார்ந்தார். போதகர் சின்ன வயசுக்காரர். புதுமுகத்தைப் பார்த்ததும், எங்களுக்காகத் தயாரித்துவந்த கனமான பாடத்தை மூடிவைத்தார்.

"இன்னைக்கு ஒரு குடும்பத்துக் கதை சொல்றேன். யோசேப்புன்னு ஒருத்தன். அப்பாவுக்குச் செல்லப் பிள்ளை. அண்ணன்மாருக்கு வயித்தெரிச்சல். ஒருநாள் அவனைப் பிடிச்சு ஒரு குழிக்குள்ள போட்டுட்டாங்க."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "எவ்வளவு ஆழம்?"

போதகர் படித்த படிப்பில் இந்தக் கேள்வி வந்ததில்லை. "அது... சொல்லலை."

"ஏணி?"

"இல்ல."

"தண்ணி நின்னுதா?"

"தண்ணியில்லாத குழி!" என்றார் அக்கா.

"அப்ப பொழைச்சுக்கலாம். லிஃப்டுக்கு அடியில உள்ள குழியில நான் எத்தனை தடவை இறங்கியிருக்கேன்! தண்ணி நின்னாத்தான் வம்பு. சரி, யாரு தூக்கிவிட்டா?"

எங்கள் நாக்கு சும்மா இருக்குமா? "கடைசியில அவன்தான்—" என்று அக்கா தொடங்க, நாங்களும் வாயைத் திறந்தோம்.

"நிறுத்துங்க!" மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "முடிவைப் போட்டு உடைக்கத்தான் என்னை வரச் சொன்னீங்களா? நான் கிளம்பறேன்."

தங்கச்சி முகத்தில் ரத்தமே இல்லை. போதகர்தான் சமாளித்தார்.

"அவர் சொல்றது நியாயம். இன்னைக்கு இதோட நிறுத்திக்குவோம். அடுத்த புதன் வரைக்கும் யாரும் இவர்கிட்ட மூச்சுவிடக் கூடாது."

"அதுவரைக்கும் அந்தப் பையன்?"

"குழியிலதான் இருப்பான்."

"அடப்பாவிகளா!" என்றபடி மாப்பிள்ளை வெளியேறினார். மறுபடி வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் அக்கா பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். சொல்லாத முடிவு உள்ளே தங்கி, ஒரு பக்கக் கன்னம் வீங்கிப்போனது. பல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பல்லில் ஒன்றுமில்லை, பேச்சுதான் அடைத்திருக்கிறது என்று அனுப்பிவிட்டார். பிறவி ஊமை என்று நம்பி அவர் வளர்த்த கிளி, முதன்முதலாகச் சந்து கிடைத்து, செவ்வாய்க்கிழமை பேசியது. போதாக்குறைக்கு, அக்கா குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டும் பழுதானது. பழுதுபார்க்க வந்தவர் யார்? எங்கள் மாப்பிள்ளைதான்.

"அக்கா, முழுசாச் சொல்ல வேண்டாம். உயிரோட இருக்கானா? தலையை மட்டும் ஆட்டுங்க."

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, மூட்டுவலியோடு மாடி முழுவதும் படியேறியே போய்ச் சேர்ந்தார்.

அடுத்த புதன், போதகர் கதவைத் திறக்குமுன்பே மாப்பிள்ளை வாசலில் நின்றார். கதை தொடர்ந்தது. குழியிலிருந்து தூக்கினார்கள், விற்றார்கள். சிறைக்குப் போனான், அரண்மனைக்கும் போனான். ஊரெல்லாம் பஞ்சம். தானியம் கேட்டு அதே அண்ணன்மார் அவன் முன்னால் வந்து குனிந்து நின்றார்கள். ஆளை அடையாளம் தெரியவில்லை.

போதகர் பழக்கதோஷத்தில் நிறுத்தினார். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டோம்.

"விடாதே!" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "எல்லாரையும் உள்ள தூக்கிப் போடு."

"போடலை," என்றார் போதகர். "மத்தவங்களை வெளிய அனுப்பிட்டு, ஓன்னு அழுதான். நான்தான் உங்க தம்பின்னான். அப்பா இருக்காரான்னு கேட்டான்."

அக்கா உடைந்து அழுதார். இத்தனை வருஷமும் அவர் முன்கூட்டியே போய் முடிவில் காத்திருந்தவர். இந்தத் தடவைதான் எங்களோடு நடந்து வந்திருக்கிறார்.

மாப்பிள்ளை எழுந்து போய், கிரீஸ் துடைக்கிற துணியில் சுத்தமான மூலை ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினார். "அழாதீங்கக்கா. அதான் தம்பி பொழைச்சுட்டானே. மன்னிச்சும் விட்டுட்டானே."

வெளியே வந்ததும் தங்கச்சியின் காதில் சொன்னார், எனக்கும் கேட்டது. "அந்த அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாதுடி. முன்னாடியே கதை தெரிஞ்சவங்க இப்படி அழுவாங்களா? சும்மா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாங்க, பாவம். அடுத்த வாரம் நான் அவங்க பக்கத்துல உட்காந்துக்கறேன்."